ஊர்விட்டு வந்தவர்களின் பல்கலைக்கழகம்

கடன் வாங்கியவன் ஓடிவிட்டால் அவனுடைய ஊர்க்காரனைப் பிடி. பன்னிரண்டாம் நூற்றாண்டு இத்தாலிய நகரங்களில் இது செல்லுபடியான வழக்கம். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயிருந்து வந்த வணிகன் ஒருவன் பொலோஞா நகரில் சரக்கு வாங்கிக்கொண்டு பணம் தராமல் போய்விட்டான் என்றால், கடன் கொடுத்தவன் மலை தாண்டிப் போய்த் தேட வேண்டியதில்லை. அதே ஊரிலிருந்து சட்டம் படிக்க வந்த பையன் யாராவது தெருவில் போய்க்கொண்டிருப்பான். அவனை மறித்துப் பணத்தையும் புத்தகத்தையும் பறித்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. தோல்தாளில் கையால் எழுதிய சட்ட நூல் அந்தக் காலத்தில் சிறு சொத்து. நகரத்தின் குடியாக இல்லாத பையனுக்கு அதைக் கேட்டு வாங்கித் தர ஆள் கிடையாது.

1155-ல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோஸா ரோமில் முடிசூடப் போகும் வழியில் பொலோஞா அருகே தங்கினார். மாணவர்கள் அவரிடம் போய் முறையிட்டார்கள் என்று அக்காலத்துக் கவிதை ஒன்று சொல்கிறது. அதன் விளைவாக வந்த ஆணை, 'ஹபீத்தா' என்ற பெயரில், 1158-ல் ரொன்காலியாவில் கூடிய பேரவையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. படிப்புக்காக ஊர்விட்டு வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது. ஊர்க்காரன் கடனுக்கு மாணவனைப் பிணையாகப் பிடிக்கக் கூடாது. மாணவன்மேல் வழக்கு வந்தால் அவனுடைய ஆசிரியரோ நகரத்து ஆயரோ விசாரிக்கலாம், இருவரில் யார் என்பதை மாணவனே தேர்ந்துகொள்ளலாம். வெளியூர் மாணவன் என்ற பிறவியைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்த பழைய தருணங்களில் இது ஒன்று.

இத்தாலியில் படிப்பது பற்றிப் பேச்செடுத்தால் ஓவியம், ஓபரா, பீட்சா என்று பட்டியல் தொடங்கிவிடும். மாணவன் அதையெல்லாம் பார்க்கத்தான் செய்கிறான். ஒரு வாரச் சுற்றுலாவில் வருகிறவனும் பார்க்கிறான். மாணவனுக்கென்று கிடைக்கிற இத்தாலி வேறு. வாடகைக்கு அறை தேடும்போதும், அலுவலகச் சாளரத்தில் காகிதக் கட்டோடு நிற்கும்போதும், பேராசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் பதில் சொல்லும்போதும் தெரிகிற இத்தாலி அது. வந்தேறி மாணவனும் நகரமும் எண்ணூறு ஆண்டுக்கு மேல் நடத்திவரும் பேரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பேரத்துக்குள் நுழைவதுதான் அங்கே பண்பாட்டுக்குள் நுழைவது என்பது என் எண்ணம். அதற்குப் பொலோஞாவை விட்டால் நல்ல சாட்சி கிடையாது.

பொலோஞா பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டு 1088 என்று சொல்வார்கள். உண்மையில் அந்த ஆண்டில் யாரும் அடிக்கல் நாட்டவில்லை. 1888-ல் எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காகக் கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையில் கூடிய குழு பின்னோக்கிக் குறித்துக் கொடுத்த தேதி அது. புதிதாக ஒன்றான இத்தாலிக்கு ஒரு பழம்பெருமை வேண்டியிருந்தது, கிடைத்தது. இர்னேரியுஸ் போன்ற ஆசிரியர்கள் ஜஸ்டினியனின் ரோமானியச் சட்டத் தொகுப்பை வரிவரியாக விளக்கினார்கள், அதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் தொடக்கம். கட்டடம் இல்லை, பதிவாளர் இல்லை. ஆசிரியரின் வீடோ வாடகைக் கூடமோ வகுப்பறை.

வந்தவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். மலைக்கு இந்தப்புறத்தார் ஒரு சங்கம், அந்தப்புறத்தார் ஒரு சங்கம்; ஒவ்வொன்றின் உள்ளும் நாட்டுவாரியான பிரிவுகள்; தலைவராக மாணவர்களே தேர்ந்தெடுத்த ரெக்டர். இந்தச் சங்கத்துக்குத்தான் 'உனிவெர்சித்தாஸ்' என்று பெயர். இன்று நாம் பல்கலைக்கழகம் என்று மொழிபெயர்க்கும் சொல் அன்று 'எல்லாரும் சேர்ந்த கூட்டம்' என்ற பொருளில் மட்டும் வழங்கியது. பொலோஞா நகரத்தில் பிறந்த மாணவர்களுக்கு இந்தச் சங்கங்களில் வாக்கு இல்லை. அவர்களுக்கு நகரமே பாதுகாப்பு, பிறகு சங்கம் எதற்கு?

அந்தச் சங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை 1317-ஆம் ஆண்டின் விதிகளில் பார்க்கலாம். பேராசிரியர்கள் மாணவத் தலைவருக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மணி அடித்த பின் வகுப்புக்கு வந்தால் அபராதம், மணி அடித்த பின் இழுத்துக்கொண்டே போனாலும் அபராதம். கடினமான பகுதியைத் தாண்டிக் குதித்தால் அபராதம். ஊரைவிட்டு வெளியே போக மாணவர்களின் அனுமதி வேண்டும். காரணம் எளிது: சம்பளம் மாணவர் பையிலிருந்து போனது. பிற்பாடு நகராட்சி சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் இந்த அதிகாரம் மெல்லக் கழன்றது. நம் ஊர்க் கல்லூரிகளில் வருகைப் பதிவேட்டை யார் வைத்திருக்கிறார் என்று யோசித்துப் பார்க்கையில் ஒரு சின்னப் பொறாமை வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

நகரத்தோடு நடந்த பேரத்தில் மாணவர்களின் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான்: கிளம்பிவிடுவோம் என்ற மிரட்டல். கட்டடம் இல்லாத பல்கலைக்கழகத்தைத் தூக்கிக்கொண்டு போவது எளிது. 1222-ல் பொலோஞாவிலிருந்து கோபித்துக்கொண்டு போனவர்கள் சேர்ந்த இடம் பாதுவா. அங்கே பிறந்த பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் கலிலியோ கற்பித்தார், ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி பட்டம் பெற்றார். 1321-ல் ஒரு பெண்ணைக் கடத்திய மாணவனுக்கு நகரம் மரண தண்டனை கொடுத்தபோது பெருங்கூட்டம் சியெனாவுக்கு நடையைக் கட்டியது. அந்த விஷயத்தில் நியாயம் மாணவர் பக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர்களும் சாராயக் கடைக்காரர்களும் புத்தகம் படியெடுப்பவர்களும் வருமானத்தை இழந்ததால் நகரம் இறங்கிவர வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வாடகைக்கும் இதே கதை. மாணவர் தரப்பிலும் ஊர் தரப்பிலும் ஆட்களை நியமித்து வீடுகளுக்கு நியாய வாடகை குறித்தார்கள். குறித்த வாடகைக்கு மறுத்த வீட்டில் எந்த மாணவனும் குடியேறக் கூடாது என்று சங்கம் தடை போடும். மக்கள்தொகை பெருக, வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்துத் தாங்கினார்கள். அதுவே பொலோஞாவின் புகழ்பெற்ற போர்த்திக்கோ, நம் ஊர்த் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவிலான ஒன்று. 1288-ல் நகரம் இதைச் சட்டமாக்கியது: புது வீடு கட்டினால் முன்னால் நடைத் தாழ்வாரம் இருந்தே ஆக வேண்டும், நிலம் வீட்டுக்காரருடையது, நடப்பது ஊராருடைய உரிமை. இன்று நகரம் முழுவதும் சுமார் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தத் தாழ்வாரங்கள் ஓடுகின்றன. 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாக்காரர் படம் எடுத்துக்கொள்ளும் அந்த அழகுக்குப் பின்னால் இட நெருக்கடி இருக்கிறது, நெருக்கடிக்குப் பின்னால் அறை தேடி அலைந்த மாணவர்களும் இருக்கிறார்கள்.

அலைச்சல் தீர்ந்தபாடில்லை. 2023 மே மாதம் மிலானில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று பல்கலைக்கழக வாசலில் கூடாரம் போட்டுப் படுத்தார். சில நாட்களில் ரோம், பொலோஞா, பாதுவா என்று ஊர் ஊராகக் கூடாரங்கள் முளைத்தன. படுத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். இத்தாலிய மொழியில் இவர்களுக்கென்றே ஒரு சொல் உண்டு: 'ஃபுவோரிசேதே', இருப்பிடத்துக்கு வெளியே இருப்பவன். கலாப்ரியாவிலிருந்தோ புலியாவிலிருந்தோ வடக்கே படிக்க வந்தவனும் ஒருவகையில் அயலான்தான். ஐம்பது அறுபதுகளில் தூரின் நகரத்து வீடுகளில் 'தெற்கத்தியருக்கு வாடகைக்கு இல்லை' என்று அட்டை தொங்கியது. வாடகைக்கு வீடு கேட்கப் போய்ச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் சாதிக்கும் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புரியும். வேறு ஊரில் படிக்கும் மாணவர்கள் படிக்கும் இடத்திலேயே வாக்களிக்க, சோதனை முறையில், முதன்முதலாக அனுமதி கிடைத்தது 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில்தான்.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பொட்டலத்துக்கும் பெயர் உண்டு, 'பாக்கோ தா ஜூ', கீழேயிருந்து வந்த பொட்டலம். கீழே என்றால் நாட்டு வரைபடத்தின் தெற்கு. தக்காளிச் சாறு, எண்ணெயில் ஊறிய கத்திரிக்காய், பாலாடைக்கட்டி, உலர்ந்த பன்றி இறைச்சி. அறையைப் பகிர்ந்துகொள்ளும் தமிழ் மாணவனின் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அதே அலமாரியில் இடம் பிடிக்கும். வெளிநாட்டு மாணவன் இத்தாலிக்குள் நுழைவது பெரும்பாலும் இந்தத் தெற்கத்திப் பையன்களின் தோள்மேல் கைபோட்டுத்தான். இருவருக்கும் ஊர் ஒரு பொட்டலத்தில் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவனுக்குக் கூடுதலாக ஒரு வாசல் இருக்கிறது. நாட்டில் காலடி வைத்து எட்டு வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ'. விண்ணப்ப உறை அஞ்சலகத்தில் கிடைக்கும். ஒட்ட வேண்டிய 16 யூரோ முத்திரை வில்லையை அஞ்சலகத்தில் தேடக் கூடாது, சிகரெட்டு விற்கும் தபாக்கெரீயாவில் கேட்க வேண்டும். கைரேகை கொடுக்கப் போக வேண்டிய இடம் 'குவெஸ்தூரா' என்னும் காவல்துறை அலுவலகம். அங்கே போகும் நாளுக்கும் அட்டை கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடுவது உண்டு. அட்டை வந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டிய காலமும் பக்கத்தில் வந்திருக்கும். புதுப்பிக்கச் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: முதலாண்டில் ஒரு தேர்விலாவது, அதன்பின் ஆண்டுக்கு இரண்டிலாவது தேறியிருக்க வேண்டும். இத்தாலிய மாணவன் படிப்புக் காலம் தாண்டியும் ஆண்டுக்கணக்கில் 'ஃபுவோரி கோர்சோ', அதாவது ஓட்டத்துக்கு வெளியே, கவலையில்லாமல் திரியலாம். அயலான் நேரத்தைக் கணக்குப் பார்த்தே சோம்பல்பட முடியும்.

இந்தக் காகிதங்களுக்கெல்லாம் தாய்க் காகிதம் 'கோதிச்சே ஃபிஸ்காலே', பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட வரிக் குறியீடு. கைபேசி இணைப்பு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எதற்கும் அது வேண்டும். குடும்பப் பெயரின் மூன்று மெய்கள், சொந்தப் பெயரின் மூன்று மெய்கள், பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓரெழுத்து, தேதி; பெண்ணாக இருந்தால் தேதியோடு நாற்பதைக் கூட்டுவார்கள்; பிறகு பிறந்த இடம். இத்தாலியில் பிறந்தவருக்கு அவரவர் ஊரின் குறி வரும். இந்தியாவில் பிறந்தவர் எல்லாருக்கும் ஒரே குறி, இசட் 222. காரைக்குடியும் கல்கத்தாவும் அங்கே ஒன்று. குடும்பப் பெயர் இல்லாத தமிழர்களுக்கு இன்னொரு வேடிக்கை. கடவுச்சீட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், வருகைப் பட்டியலிலும் தேர்வு அறையிலும் மகனையோ மகளையோ அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். முதலெழுத்தாக ஒளிந்திருந்த அப்பா இத்தாலியில் முழுப் பெயரோடு வகுப்புக்கு வந்துவிடுகிறார்.

எரிச்சலூட்டும் இதே காகித உலகம்தான் சோறும் போடுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1948-ல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 34-ஆம் பிரிவு, திறமையும் தகுதியும் உள்ளவர்கள் வசதி இல்லாதவர்களாக இருந்தாலும் உயர்ந்த படிப்புவரை போக உரிமை உண்டு என்கிறது. அதிலிருந்து கிளைத்ததுதான் பிராந்திய அரசுகள் வழங்கும் படிப்பு உதவித்தொகை. இது குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது, மாணவரின் நாட்டைப் பார்த்து ஒதுக்குவதில்லை. சொந்த ஊரில் வாங்கிய வருமானச் சான்றும் சொத்துச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு, இத்தாலிய மொழிபெயர்ப்போடு போய்ச் சேர்ந்தால், கட்டண விலக்கும் உதவித்தொகையும் மாணவர் உணவகமான 'மென்சா'வில் சாப்பாடும் கிடைக்கலாம். கடன் வாங்காமல் ஐரோப்பாவில் படிக்க வழி தேடும் நம் பிள்ளைகள் இப்போது இத்தாலியைப் பற்றி விசாரிப்பதற்கு மறுமலர்ச்சி ஓவியங்களைவிட இந்த உதவித்தொகையே பெரிய காரணம். மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையும் பார்க்கலாம்.

சரி, வகுப்பு. பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத் தொடங்கும் என்று அர்த்தம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு 'கல்விக் கால்மணி' என்று கௌரவமான பெயரே உண்டு. தேர்வுதான் உண்மையான அதிர்ச்சி. மூன்று மணி நேரம், கூடுதல் தாள், ஓரம் விட்டுக் கோடு போடுவது என்று வளர்ந்தவரை ஒரு மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். பல பாடங்களில் வாய்மொழித் தேர்வுதான் முடிவானது. அது பொதுவில் நடக்க வேண்டும் என்பது முறை; அடுத்து வரப்போகிறவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேள்விகளைக் குறித்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் சில பேராசிரியர்கள் 'உனக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைச் சொல்' என்பார்கள். கருணையா, பொறியா என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிடித்ததையே சரியாகப் பேசத் தெரியாதவனிடம் மற்றதைக் கேட்டு என்ன பயன் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது.

மதிப்பெண் முப்பதுக்கு. பதினெட்டுக்குக் கீழே தோல்வி. முப்பதுக்கு மேலே 'லோதே', பாராட்டு. அதைவிட வியப்பு, கிடைத்த மதிப்பெண் வேண்டாம் என்று மாணவன் மறுக்கலாம். இருபத்திரண்டு தருகிறேன், எடுத்துக்கொள்கிறாயா என்று பேராசிரியர் கேட்பார். இல்லை, அடுத்த முறை வருகிறேன் என்று எழுந்துவிடலாம். தேர்வு என்பது நேருக்கு நேர் நடக்கிற பேரம். இங்கே பழைய சங்கத்தின் மூச்சு இன்னும் கேட்கிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வரலாற்றுத் தொடர்ச்சியை நிறுவ அது போதாது, ஆகவே ஆசையாகவே விட்டுவிடுகிறேன். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தெளிவாக, கோர்வையாக, கையசைத்து, எதிராளியின் முகத்தைப் படித்துக்கொண்டே பேசுவதை இத்தாலி ஒரு கல்வித் தகுதியாக எண்ணுகிறது. சதுக்கத்திலும் காபிக் கடையிலும் நடக்கிற பேச்சுக்கும் தேர்வு மேசைப் பேச்சுக்கும் நடுவே சுவர் மெல்லியது. எழுதிக் குவித்துத் தேறிய நம் மாணவர் முதல் தேர்வில் வாயடைத்துப்போவதும், இரண்டாம் ஆண்டில் அதே ஆள் கையை வீசிப் பேசுவதும் அடிக்கடி நடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஓராண்டில் நிகழ்கிற மாற்றத்துக்குத்தான் பண்பாட்டு அனுபவம் என்று பெயர் வைப்பேன்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் வருகிற முதல் சிக்கல், பேராசிரியரை எப்படி அழைப்பது. நண்பனுக்கு 'தூ', நமது நீ. மரியாதைக்கு 'லேய்'. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'அவள்'. எதிரே மீசை வைத்த ஆண் பேராசிரியர் இருந்தாலும் 'அவள் சொன்னது சரி' என்கிற இலக்கணத்தில்தான் பேச வேண்டும். மாட்சிமை, மேன்மை போன்ற பெண்பால் பட்டப்பெயர்களுக்குப் பதிலாக நின்ற சொல் அப்படியே தங்கிவிட்டது. நீ, நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக மரியாதை அளந்து பழகிய தமிழருக்கு, எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்ற உள்ளுணர்வு ஏற்கனவே இருக்கிறது. எல்லாரையும் ஒரே சொல்லால் அழைக்கிற ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடத்தில் நம்மவர் தடுமாறுவதில்லை.

ஒலியிலும் நமக்குச் சலுகை உண்டு. 'காசா' என்றால் வீடு, 'காஸ்ஸா' என்றால் பெட்டி. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. படத்துக்கும் பட்டத்துக்கும், குடைக்கும் குட்டைக்கும் வேறுபாடு பார்த்து வளர்ந்த காதுக்கு இந்த இரட்டிப்பு தானாகக் கேட்கும். பொலோஞாவில் வருகிற அந்த 'ஞ' ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது. போகிற போக்கில் ஒன்று: 'பொ' குறில், 'லோ' நெடில் என்று இந்தப் பெயரைத் தமிழில் பிரித்து எழுத முடிவதற்குக் காரணமானவர் என்று மரபாகச் சொல்லப்படுகிற வீரமாமுனிவர், 1680-ல் மாந்துவா அருகே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்த கொஸ்தாந்த்சோ பெஸ்கி, தத்துவமும் இறையியலும் பயின்றது பொலோஞாவில்தான். 1710-ல் கோவாவில் வந்து இறங்கிய அவர் பிறகு தமிழ்நாட்டில் மாணவராக உட்கார்ந்து இலக்கணம் படித்தார். ஏகார ஓகாரக் குழப்பம் கண்ணில் பட அயலான் ஒருவனின் வாசிப்புச் சிரமம் தேவைப்பட்டிருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பொலோஞாவுக்குப் 'படித்தவள்', 'கொழுத்தவள்', 'சிவந்தவள்' என்று மூன்று செல்லப்பெயர்கள். மூன்றாவது கூரை ஓட்டின் நிறத்தையும் நெடுநாள் இடதுசாரி நகராட்சியையும் சேர்த்துச் சொல்வது. இரண்டாவதுக்குச் சான்று, உலகம் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' என்று தின்கிற பண்டத்தை இந்த ஊர்க்காரர் அங்கீகரிப்பதில்லை. கறிக்குழம்புக்கு ஏற்றது தட்டையான தாலியாத்தெல்லே. 1972-ல் அதன் அகலத்தையே வணிகர் சபையில் பதிவுசெய்து வைத்தார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர், அதாவது 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தின் 12,270-இல் ஒரு பங்கு. பகடியும் பெருமையும் பிரிக்க முடியாதபடி கலந்த அளவு. கறிக்குழம்பின் செய்முறை 1982-ல் பதிவானது. மாணவரின் சாப்பாடு இந்தப் பதிவேட்டுக்குள் அடங்காது. 1465 முதல் நடக்கும் 'சோலே' என்ற மதுக்கடையில் குடிக்க மட்டுமே தருவார்கள். தின்பதை வெளியிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். ரொட்டியும் இறைச்சித் துண்டும் காகிதத்தில் மடித்துக்கொண்டு நீள மேசையில் இடம்பிடிக்கும் மாணவனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் சீட்டாடிக்கொண்டிருக்கக்கூடும்.

அந்த அசினெல்லி கோபுரத்துக்கு 498 படிகள். பட்டம் வாங்கும் முன் ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது மாணவர் நம்பிக்கை. ஆண்டுக்கணக்காக அதன் அடியில் நடந்தும் உச்சியைப் பார்க்காதவர்கள் உண்டு. பட்டமளிப்பு அதற்கேற்ற ஆர்ப்பாட்டம். ஆய்வேட்டைக் குழுவின் முன் விளக்க வேண்டும், பின்வரிசையில் பாட்டி உட்பட மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். நூற்றுப்பத்துக்கு மதிப்பெண் அறிவித்ததும் தலையில் இலைக்கிரீடம். 'லௌரேயா' என்ற பட்டத்தின் பெயரே லாரல் மரத்திலிருந்து வந்தது. அதே இலையை அங்கே குழம்பிலும் போடுகிறார்கள். நம் பிரியாணி இலை வேறு மரத்தினுடையது, மணத்தால் உறவு. கிரீடத்தோடு தெருவுக்கு வந்தவரை நண்பர்கள் சூழ்ந்துகொண்டு ஆபாசமான ஒரு பாட்டைப் பாடுவார்கள். பாதுவாவில் இதற்குச் சுவரொட்டி அளவில் 'பாப்பிரோ' உண்டு: பட்டதாரியின் கேலிச் சித்திரமும் அவருடைய அந்தரங்க அசட்டுத்தனங்களைச் சொல்லும் நீண்ட பாட்டும். அதை அவரே உரக்கப் படிக்க வேண்டும், தடுக்கினால் குடிக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். மெய்யான கௌரவம் கிடைத்த அன்றே ஆளைத் தரைக்கு இழுத்துவைக்கிற இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஊர் மாறிப் படிப்பது என்னும் பழைய வழக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுபடி சட்டம் தேவைப்பட்டது. 1503-ல் கோப்பர்னிக்கஸ் பொலோஞாவிலும் பாதுவாவிலும் படித்துவிட்டு ஃபெர்ராராவில் பட்டம் வாங்கிக்கொண்டு போனார், யாரும் கேள்வி கேட்கவில்லை. 1958-ல் சோஃபியா கொர்ராதி என்ற மாணவி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை முடித்துவிட்டு இத்தாலி திரும்பினார். அந்தப் படிப்பை இங்கே கணக்கில் எடுக்க முடியாது என்று பல்கலைக்கழக அலுவலகம் கைவிரித்தது, அதுவும் நாலுபேர் முன்னால். அவமானத்தை மறக்காத அவர் பிற்பாடு கல்வியியல் பேராசிரியராகி, ஆண்டுக்கணக்கில் கடிதமும் குறிப்பும் எழுதிக்கொண்டே இருந்தார். 1987-ல் ஐரோப்பா, மாணவர்கள் நாடு மாறிப் படிக்க உதவும் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கியது. இத்தாலியர் அவரை 'எராஸ்மஸ் அம்மா' என்றார்கள். அந்தப் பெயருக்குரிய டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1506-ல் முனைவர் பட்டம் பெற்றதும் இத்தாலியில், தூரினில். 1999-ல் 29 நாடுகள் படிப்புகளை ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது கூடிய இடம் பொலோஞா.

எராஸ்மஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முதுகலைப் படிப்புக்காகத்தான் எகிப்தியரான பேட்ரிக் ஜாக்கி 2019-ல் பொலோஞா வந்தார். 2020 பிப்ரவரியில் வீட்டாரைப் பார்க்க ஊருக்குப் போனவரைக் கெய்ரோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். இருபத்திரண்டு மாதச் சிறை. பொலோஞாவின் நடுச்சதுக்கத்தில் அவருடைய முகம் பெரிதாக வரைந்து வைக்கப்பட்டது. நூலக இருக்கைகளில் அட்டையில் வெட்டிய அவர் உருவத்தை உட்கார வைத்தார்கள். 2021 ஜனவரியில், அவர் சிறையில் இருக்கும்போதே, நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. ஒருகாலத்தில் குடியுரிமை இல்லாததாலேயே மாணவர்கள் சங்கம் சேர வேண்டியிருந்த அதே நகரம். விடுதலையான பிறகும் நாட்டைவிட்டு வெளியேற முடியாததால் 2023 ஜூலையில் எகிப்திலிருந்தபடியே திரை வழியாக ஆய்வேட்டை விளக்கி, நூற்றுப்பத்தும் லோதேயும் பெற்றார். அதே மாதம் 18 அன்று நீதிமன்றம் மூன்றாண்டுத் தண்டனை விதித்தது, மறுநாள் அதிபரின் மன்னிப்பு வந்தது. 23 அன்று பொலோஞா வந்து சேர்ந்தார். பட்டம் கைக்கு வந்துவிட்டதால், ஊர் நம்பிக்கைப்படி, இனி கோபுரத்தில் ஏற அவருக்குத் தடை இல்லை.